நாலு சக்கரமும் இழுக்கும் கார்: ஒரு காலனுக்கு எத்தனை மைல்?

கார் வைத்திருப்பவரைப் பார்த்தால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"மைலேஜ் என்ன கொடுக்கிறது?"

இந்தக் கேள்விக்கு ஊர் பேதம் கிடையாது. அமெரிக்காவிலும் இதே கேள்விதான். அங்கே லிட்டர் கணக்கு இல்லை, காலன் கணக்கு. ஒரு அமெரிக்கக் காலன் என்பது 3.785 லிட்டர். ஒரு மைல் என்பது சுமார் 1.6 கிலோமீட்டர். "ஒரு காலனுக்கு எத்தனை மைல்?" என்று கேட்பார்கள்.

கார் வாங்கும்போது அதன் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். நகரத்தில் இத்தனை மைல், நெடுஞ்சாலையில் இத்தனை மைல் என்று அதில் அச்சிட்டிருக்கும். ஆனால் வீட்டுக்கு ஓட்டிவந்த பிறகு அந்த எண் கிடைப்பதில்லை! "கம்பெனி ஏமாற்றிவிட்டதா? வண்டி கெட்டுவிட்டதா? விற்றுவிடலாமா?" என்று குடும்பத்தில் பேச்சு எழுகிறது.

நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஸ்டேஷன் வேகன் கார்களை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இன்னும் அதிகம். ஸ்டேஷன் வேகன் என்றால் பின்பக்கம் நீண்டு, சாமான் வைக்க இடம் உள்ள குடும்பக் கார். அது குடிக்கும் பெட்ரோல் உண்மையிலேயே எங்கே போகிறது? இதோ விவரம்.

மின்சார ஊழியருக்குப் பிறந்த வண்டி

சாதாரணக் காரில் எஞ்சினின் சக்தி இரண்டு சக்கரங்களுக்குத்தான் போகும். மற்ற இரண்டும் சும்மா உருளும். நல்ல சாலையில் இது போதும். பனிக்கட்டி மூடிய சாலையில் போதாது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். வண்டி நகராது.

ஜப்பானின் வடக்குப் பகுதியில் பனி மிக அதிகம். அங்கே தோஹோகு மின்சாரக் கம்பெனி இருக்கிறது. அதன் ஊழியர்கள் குளிர்காலத்திலும் மலைப்பகுதிக்குப் போய் மின்சாரக் கம்பிகளைப் பார்க்க வேண்டும். ஜீப்பில் போகலாம். ஆனால் ஜீப்பில் குளிர் தாங்காது. கார் போலச் சுகமாகவும் இருக்க வேண்டும், ஜீப் போலப் பனியிலும் போக வேண்டும் என்று அந்தக் கம்பெனி கேட்டது.

சுபாரு கார்களை விற்கும் மியாகி மாவட்ட வியாபாரிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். முன்சக்கரம் இழுக்கும் ஒரு சிறிய வேகனை எடுத்தார்கள். பின்சக்கரத்துக்கும் சக்தி போகும்படி மாற்றி அமைத்தார்கள். அந்த முயற்சியிலிருந்து வந்ததுதான் 1972-ம் ஆண்டில் விற்பனைக்கு வந்த சுபாரு லியோன் நாலு சக்கர இழுவை வேகன்.

அந்தக் காரில் ஒரு கம்பி இருந்தது. சாதாரணமாக முன்சக்கரம் மட்டும் இழுக்கும். பனி வந்தால் கம்பியை இழுத்துப் பின்சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு காலம் மாறியது. கம்பி போய்விட்டது. எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் வந்தன. 1990-களின் நடுவில் அமெரிக்காவில் வந்த 'அவுட்பேக்' என்ற வேகன் இவற்றில் மிகவும் பேர் பெற்றது. வெர்மாண்ட், கொலராடோ போன்ற பனி மாநிலங்களில் இது குடும்பக் காராகவே ஆகிவிட்டது. 20 வயதைத் தாண்டிய வண்டிகள்கூட அங்கே ஓடுகின்றன.

கூடுதல் பாரம், கூடுதல் உரசல்

நாலு சக்கரமும் இழுப்பதற்குப் பெட்ரோலில் ஒரு விலை கொடுக்கத்தான் வேண்டும்.

முன்னே இருந்து பின்னே சக்தியைக் கொண்டுபோக ஒரு நீண்ட இரும்புத் தண்டு வேண்டும். பின்னே ஒரு பல்சக்கரப் பெட்டி வேண்டும். இவையெல்லாம் பாரம். இவை சுற்றும்போது உரசலும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து எஞ்சின் கொஞ்சம் அதிகமாக உழைக்க வேண்டும்.

எவ்வளவு அதிகம்? ஒரே காரை இரண்டு சக்கர இழுவையிலும் நாலு சக்கர இழுவையிலும் விற்கிற கம்பெனிகள் உண்டு. அவற்றை ஒப்பிட்டால் பொதுவாகக் காலனுக்கு ஒன்று அல்லது இரண்டு மைல்தான் வித்தியாசம்.

அப்படியானால் ஐந்து மைல், எட்டு மைல் குறைகிறதே, அது எங்கே போகிறது? குற்றம் நாலு சக்கரத்தின் மேல் மட்டும் இல்லை என்பது தெளிவாகிறது அல்லவா?

இரண்டு சகோதரர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரிடமும் ஒரே ஆண்டில் செய்த ஒரே மாதிரி வேகன். "எனக்குக் காலனுக்கு 26 மைல் கொடுக்கிறது" என்கிறார் அண்ணன். "எனக்கு 18-க்கு மேல் வரவில்லை" என்கிறார் தம்பி. இருவரில் யார் சொல்வது பொய்?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம்! அது எப்படி என்று பார்க்க, முதலில் சீட்டில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

நின்ற இடத்தில் ஓடும் கார்

1973-ல் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பெட்ரோலுக்குப் பெரிய பஞ்சம் வந்தது. பங்க்குகளில் கார்கள் வரிசையில் நின்றன. 1975-ல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. புதிய காரில் மைலேஜ் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது அதில் ஒரு விதி.

இதற்கான சோதனை சாலையில் நடப்பதில்லை. ஒரு கூடத்தில் நடக்கிறது. கார் உருளைகளின் மேல் நிற்கும். சக்கரம் சுற்றும், உருளையும் சுற்றும், கார் நின்ற இடத்திலேயே இருக்கும். எப்போது வேகம் கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்று வினாடிக் கணக்கில் அட்டவணை உண்டு. எல்லாக் காருக்கும் ஒரே சோதனை. ஆகவே ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட இது நல்ல வழி.

ஆனால் பழைய சோதனையில் என்ன வேகம் தெரியுமா? நெடுஞ்சாலைச் சோதனையில் சராசரி வேகம் மணிக்கு 48 மைல். அதிகபட்சமே 60 மைல்தான். கூடத்திலே இதமான வெப்பம். ஏ.சி. போடுவதில்லை. எதிர்க்காற்று இல்லை. மழை இல்லை. பனி இல்லை. கூரை மேல் சாமான் இல்லை. பின்சீட்டில் பிள்ளைகளும் இல்லை!

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் 65, 75 மைல் வேகத்தில் கார்கள் பறக்கின்றன. அங்கே அந்த எண் எப்படிக் கிடைக்கும்?

எண்ணைக் குறைத்த அரசு

இது அரசுக்கும் தெரிந்தது. 1985-ம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து ஒரு திருத்தம் செய்தார்கள். சோதனையில் வந்த நகர எண்ணில் நூற்றுக்கு 10 பங்கைக் கழித்தார்கள். நெடுஞ்சாலை எண்ணில் 22 பங்கைக் கழித்தார்கள். மிச்சத்தைத்தான் சீட்டில் அச்சிட்டார்கள்.

அதுவும் போதவில்லை. 2008-ம் ஆண்டு மாடலிலிருந்து புதிய முறை வந்தது. இரண்டு சோதனைகளோடு இன்னும் மூன்றைச் சேர்த்தார்கள். ஒன்றில் 80 மைல் வரை வேகம். ஒன்றில் கடும் வெயிலில் ஏ.சி. ஓட்டம். ஒன்றில் உறைநிலைக்கும் கீழே 7 டிகிரிக் குளிர். இதனால் நகர எண் சராசரியாக 12 சதவிகிதமும், நெடுஞ்சாலை எண் 8 சதவிகிதமும் குறையும் என்று அரசு அறிவித்தது. காரில் எதுவும் மாறவில்லை. அளக்கும் கோல்தான் மாறியது.

ஒரு பழைய வேகனின் சீட்டில் நகரம் 22, நெடுஞ்சாலை 27 என்று இருந்தால், இந்தச் சராசரிக் கணக்குப்படி அது 19, 25 என்று ஆகும். அந்த வண்டி இன்று 20 மைல் கொடுத்தால் "வண்டி கெட்டுவிட்டது" என்று அழ வேண்டியதில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

குளிர் குடிக்கும் பெட்ரோல்

இப்போது தம்பியின் கதைக்கு வருவோம். அவர் வெர்மாண்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் மூன்று மைல். கடை இரண்டு மைல். வேலைக்கு நாலு மைல். எல்லாம் சின்னச் சின்னப் பயணம். கார் சூடாவதற்குள் இறங்கிவிடுகிறார்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் கெட்டியாக இருக்கும். பல்சக்கரப் பெட்டிகளிலும் அப்படியே. நாலு சக்கர வண்டியில் இந்தப் பெட்டிகள் அதிகம் அல்லவா? எஞ்சின் சூடாகும் வரை பெட்ரோலும் வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே போகும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதைக் கிழித்துக்கொண்டு போகவும் சக்தி வேண்டும். குளிரில் டயரின் காற்றும் இறுகிக் குறையும்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு இது: உறைநிலைக்குக் கீழே 7 டிகிரியில், நகரத்துக்குள் ஓடும் பெட்ரோல் காரின் மைலேஜ் சுமார் 15 சதவிகிதம் குறையும். மூன்று நாலு மைல் மட்டுமே போகிற பயணமானால் 24 சதவிகிதம் வரை குறையலாம்.

காலையில் காரை வாசலில் ஓடவிட்டு, கால்மணி நேரம் கழித்து ஏறுகிறவர்களும் உண்டு. அந்த நேரத்தில் மைலேஜ் எவ்வளவு? பூஜ்யம்! கார் ஒரு அடியும் நகரவில்லையே! அரை நிமிடம் ஓடவிட்டு, பிறகு மெதுவாக ஓட்டிப் போனால் எஞ்சின் சீக்கிரம் சூடாகும். இரண்டு மூன்று வேலைகளை ஒரே பயணத்தில் முடிப்பதும் நல்ல சிக்கனம். சூடான எஞ்சின் குறைவாகவே குடிக்கும்.

வேகமும் கூரைப் பெட்டியும்

அண்ணனுக்கு 26 மைல் எப்படி வருகிறது? அவர் தினமும் நீண்ட சாலையில் 40 மைல் போகிறார். 60 மைல் வேகத்தைத் தாண்டுவதில்லை. எஞ்சின் சூடாகவே இருக்கிறது. நிறுத்தம் இல்லை.

இதே அண்ணன் 75 மைல் வேகத்தில் போனால்? வேகம் கூடியது கால் பங்குதான். ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும். பொதுவாக 50 மைல் வேகத்துக்கு மேலே போகப் போக மைலேஜ் வேகமாக விழும்.

கூரை மேல் பெட்டி வைத்தால் இன்னும் மோசம். பனிச்சறுக்குக்குப் போகும் குடும்பங்கள் வேகன் கூரையில் பெரிய பெட்டியைப் பொருத்துவது வழக்கம். 65 முதல் 75 மைல் வேகத்தில் இந்தப் பெட்டி 10 முதல் 25 சதவிகிதம் வரை பெட்ரோலைத் தின்றுவிடும் என்கிறது எரிசக்தித் துறை. குளிர்காலம் முடிந்த பிறகும் அந்தப் பெட்டியைக் கழற்றாமல் ஆண்டு முழுவதும் சுமப்பவர்கள் எத்தனையோ பேர்! வேகனின் பின்பக்கத்தில்தான் தாராளமாக இடம் இருக்கிறதே. சாமானை உள்ளே வைத்தால் காற்று தடுக்காது.

மலைச் சாலையில் ஒரு எச்சரிக்கை. டென்வர் நகரம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலை ஐசனோவர் சுரங்கத்தில் சுமார் 3,400 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. ஏறும்போது மைலேஜ் பரிதாபமாக இருக்கும். இறங்கும்போது பிரமாதமாக இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

இறக்கத்தில் சிலர் கியரை நியூட்ரலில் போட்டுவிடுவார்கள். பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பு. பெட்ரோலை ஊசி மூலம் பீய்ச்சும் எஞ்சின்களில் இது தவறு. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், இறக்கத்தில் எஞ்சின் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் ஓட பெட்ரோல் வேண்டும். பிரேக்குக்கும் வேலை அதிகம். ஆபத்தும் உண்டு.

பழைய வண்டியில் என்ன பார்ப்பது?

இதுவரை சொன்னது எல்லாக் காருக்கும் பொருந்தும். பழைய வண்டிக்கென்று சில வியாதிகள் உண்டு.

முதலாவது ஆக்சிஜன் சென்சார். புகைக் குழாயில் இருக்கும் சிறிய கருவி இது. எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமா குறைவா என்று சொல்வது இதன் வேலை. இது கெட்டால் எஞ்சின் கணக்கில்லாமல் குடிக்கும். மோசமாகக் கெட்ட சென்சாரை மாற்றினால் மைலேஜ் 40 சதவிகிதம் வரைகூட உயரலாம். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், "எரிந்துவிட்டுப் போகட்டும்" என்று விடக் கூடாது.

இரண்டாவது தெர்மோஸ்டாட். இது திறந்தபடியே நின்றுவிட்டால் எஞ்சின் சூடாகவே மாட்டாது. ஹீட்டரில் சூடு வராமல் இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது பிரேக். துருப்பிடித்த பிரேக் சக்கரத்தைப் பிடித்தபடியே இருக்கும். ஓட்டி நிறுத்திய பிறகு ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

நான்காவது டயர். நாலு சக்கர வண்டியில் நாலு டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சுற்றளவில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. மூன்று தேய்ந்த டயரும் ஒரு புது டயரும் போட்டால், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று சண்டை போட்டபடியே ஓடும். பெட்ரோலைவிட, நடுவில் உள்ள இணைப்பு தேய்வதுதான் பெரிய நஷ்டம்.

காற்று வடிகட்டியை மாற்றினால் மைலேஜ் கூடும் என்பது பழைய நம்பிக்கை. கார்புரேட்டர் கார்களில் அது உண்மை. பெட்ரோலை ஊசி மூலம் பீய்ச்சும் எஞ்சினில் வடிகட்டியால் இழுவை கூடும், மைலேஜ் கூடாது.

பியூஸ் தந்திரம்

பழைய ஆட்டோமாட்டிக் சுபாருக்களில் ஒரு இடத்தில் சிறிய பியூஸைச் செருகினால் பின்சக்கர இழுவை நின்றுவிடும். "கோடைக்காலத்தில் இதைச் செய்து பெட்ரோல் மிச்சம் பிடிக்கலாமே!" என்று சிலருக்கு ஆசை.

ஆசை நிறைவேறாது. பின்னே சக்தி போகாவிட்டாலும் அந்த இரும்புத் தண்டும் பல்சக்கரங்களும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பாரமும் குறையவில்லை, உரசலும் போகவில்லை. அளவு குறைந்த ஸ்டெப்னி டயரைத் தற்காலிகமாக மாட்டும்போது உதவத்தான் அந்த ஏற்பாடு. சிக்கனத்துக்கு அல்ல.

வீட்டிலேயே போடும் கணக்கு

உண்மையான மைலேஜைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும்.

பெட்ரோல் குழாய் 'டிக்' என்று தானாக நிற்கும் வரை டாங்கியை நிரப்ப வேண்டும். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். மைல் மீட்டரில் உள்ள எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். வழக்கம் போல ஓட்ட வேண்டும். டாங்கி முக்கால் காலியானதும், கூடுமானால் அதே பங்கில், அதே மாதிரி நிரப்ப வேண்டும். ஓடிய மைலை, நிரப்பிய காலனால் வகுத்தால் விடை வந்துவிடும்.

உதாரணமாக 290 மைல் ஓடிய பிறகு 14.5 காலன் பிடித்தது என்றால், காலனுக்கு 20 மைல். நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்கு எட்டரைக் கிலோமீட்டர்.

ஒரு தடவை போட்ட கணக்கை நம்பக் கூடாது. நாலைந்து தடவை போட்டுச் சராசரி பார்க்க வேண்டும். கோடைக்கு ஒரு சராசரி, குளிர்காலத்துக்கு ஒரு சராசரி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இரண்டு பொறிகள் இதில் உண்டு. பெரிய டயர் மாட்டினால் மீட்டர் குறைத்துக் காட்டும். வண்டி உண்மையில் ஓடியது அதிகம். இன்னொன்று காலன். இங்கிலாந்துக் காலன் பெரியது, 4.546 லிட்டர். அமெரிக்காவில் 20 மைல் கொடுக்கும் கார் இங்கிலாந்துக் கணக்கில் 24 மைல் கொடுக்கும். "அங்கே உள்ள வண்டி நல்ல வண்டி" என்று ஏமாறக் கூடாது.

விற்பதா, வைத்துக்கொள்வதா?

இதுதான் தம்பி வீட்டில் பெரிய கேள்வி. அவர் ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலனுக்கு 18 மைல் என்றால் 667 காலன் வேண்டும். சென்சாரை மாற்றி, டயரில் காற்றுப் பிடித்து, கூரைப் பெட்டியைக் கழற்றி, 20 மைலுக்குக் கொண்டுவந்தால் 600 காலன் போதும். 67 காலன் மிச்சம்.

30 மைல் கொடுக்கும் புதுக் கார் வாங்கினால்? 400 காலன் போதும். 20 மைல் வண்டியைவிட 200 காலன் மிச்சம். காலன் 3 டாலர் என்று வைத்தால் ஆண்டுக்கு 600 டாலர். அதாவது மாதம் 50 டாலர். புதுக் காருக்கு மாதத் தவணை 400 டாலர் என்றால்? பெட்ரோலில் 50 மிச்சம் பிடிக்க, தவணையில் 400 கொடுப்பதா?

இன்னொரு விஷயம். 30 மைல் காரை 32 மைலாக உயர்த்தினால் அதே 12,000 மைலுக்கு 25 காலன்தான் மிச்சம். பழைய வண்டியில் அதே இரண்டு மைல் உயர்வு 67 காலனை மிச்சப்படுத்தியது! 2008-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். காலனுக்கு எத்தனை மைல் என்று பார்க்கிற பழக்கம் ஜனங்களைத் தப்புக் கணக்குப் போட வைக்கிறது என்று காட்டினார்கள். குறைவாக மைலேஜ் கொடுக்கும் வண்டியில்தான் சிறு திருத்தமும் பெரிய லாபம்.

அதற்காகப் பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழவும் கூடாது. பனியைக் கரைக்க அமெரிக்கச் சாலைகளில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பு வண்டியின் அடிப்பாகத்தை அரிக்கும். பிரேக் குழாய் துருப்பிடித்து, அடிச்சட்டம் இற்றுப்போயிருந்தால் மைலேஜ் கணக்கே வேண்டாம். குடும்பத்தின் உயிர்தான் முக்கியம். அப்போது விற்றுவிடுவதே புத்தி.

அடிப்பாகம் உறுதியாக இருந்தால், முடிவு எடுக்கும் முன்பு நாலு மாதம் நோட்டில் கணக்கு எழுதிப் பார்க்கலாம். சீட்டில் உள்ள எண் சோதனைக் கூடத்தின் எண். அண்டை வீட்டார் சொல்லும் எண் அவருடைய சாலையின் எண். நோட்டில் உள்ள எண்தான் அந்தக் குடும்பம் பணம் கொடுக்கிற எண்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். பெட்ரோல் டாங்கியிலே போடுவதை அளக்காமல் விடலாமா?